கைபடாமல் அளக்கும் கருவி

மனிதகுலம் தகடுகளைத் தொட்டுத் தடவி அளந்துவந்த இருண்ட காலம் இன்று காலை பத்து மணியோடு முடிவுக்கு வருவதாக, ஆலையின் அறிவிப்புப் பலகையில் மேலாளர் ஒட்டியிருந்தார். லேசர் ஒளியை அனுப்பி, தொடாமலே தகட்டின் தடிமனைச் சொல்லும் கருவியை முதலாளி தொடங்கிவைக்கப்போகிறார். அதைப் பொருத்திய பொறியாளன் ஒப்பந்த ஊழியன். கருவி ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேற்று வரை ஓடியது. இன்று, தகடு எதிரிலேயே மல்லாந்து கிடக்க, திரை 'பொருள் இல்லை' என்றது.

பொறியாளன் குனிந்தான். தகட்டில் அவன் முகம் தெரிந்தது.

"இதை யாரு தேச்சது?"

"நான்தான் மாப்பிள்ளை," என்று நெஞ்சை நிமிர்த்தினார், அங்கே மேற்பார்வையாளராக இருந்த அவன் மாமனார். "உங்க விழாவாச்சே! ஆள் வச்சு பாலிஷ் போட்டேன்."

"ஐயோ மாமா! ஒளி பட்டுச் சிதறினாத்தான் கருவியோட கண்ணுக்குத் திரும்பி வரும். இப்படிக் கண்ணாடி மாதிரி இருந்தா வேற பக்கம் தெறிச்சுப் போயிடும்."

"போனா போகட்டும். நாலு பேர் பார்க்க அழகா இருக்குல்ல?"

பளபளப்பை மறைக்கச் சாக்பீஸ் தூளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தவனை மேலாளர் மடக்கினார். "முதலாளி வாசல்ல இறங்கிட்டார். அதை அழுக்காக்கினீங்க, தொலைச்சிடுவேன்!"

"சார், பழைய தகடாவது வைக்கிறேன்..."

"துருப்பிடிச்சதையா? என் தலையில மண்ணள்ளிப் போடவா?"

முதலாளி வந்தார். தொழில்நுட்பத்தைப் பற்றித் தொண்டை வறளும் வரை முழங்கினார். பொத்தானை அழுத்தினார். 'பொருள் இல்லை.' மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இல்லையா? இங்கதானேப்பா கிடக்கு!" என்ற முதலாளி, ஒளி விழும் இடத்தில் தகட்டின் மேல் ஓங்கித் தட்டி, கையை அங்கேயே வைத்தார்.

திரையில் 'முப்பது மில்லிமீட்டர்' என்று வந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"கைராசின்னா இதுதான் சார்!" என்று மேலாளர் குழைந்தார்.

"சார், அது உங்க கையோட அளவு. தகடு மூணு மில்லிமீட்டர்தான்..."

"வாயை மூடுங்க மாப்பிள்ளை," என்று மாமனார் அவன் காலை மிதித்தார். "என் பொண்ணு நல்லா இருக்க வேணாமா?"

முதலாளி எதையும் காதில் வாங்கவில்லை. "பளபளப்பு பிரமாதம். எல்லாத் தகட்டுக்கும் இதே மாதிரி பாலிஷ் போடுங்க. அளக்கிறதும் இதே முறையில நடக்கட்டும்."

பொறியாளனுக்கு வேலை நிரந்தரமானது. ஒவ்வொரு தகட்டின் மேலும் கையை வைப்பதுதான் அந்த வேலை.