பிரித்துவிட்ட தையல்

என் தங்கை பஸ் கண்டக்டர். ஓயாத வாய் என்பதால் டிப்போவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர். நான் தையல்காரி, அவளுடைய யூனிஃபார்மை நான்தான் தைப்பேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானபோது, சட்டையின் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்து அகலமாக்கிக் கொடுத்தேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை என்றார்கள். பிறந்தாலும் தங்காது. அவள் புருஷன் கப்பலில் இருந்தார். "நீ எப்படிச் சொல்றியோ அப்படியே" என்று போனில் அழுதாராம். அவள் நேராக என் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை அட்மிட் ஆகணும்க்கா. கூட ஒரு ஆள் வேணுமாம். நீ வா."

நான் மெஷினை நிறுத்தவில்லை. "அஞ்சு மாசம்டி. கை கால் வந்து உதைக்குது. அந்தப் பாவத்துக்கு என்னால துணை நிக்க முடியாது."

"அப்ப உன்னோடது?"

"அது ஏழு வாரம். நாள் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். "வாரத்தைப் பார்த்து டிக்கெட் கிழிக்கிற. பேசாம நீ கண்டக்டரா போயிருக்கலாம்."

பதினோரு வருஷத்துக்கு முன், மூன்றாவது வேண்டாமென்று நான் கிளினிக்குக்குப் போனபோது கூட வந்தவள் அவள்தான். வழி முழுக்கச் சண்டை. "ஏழு நாளானாலும் உயிர் உயிர்தான். எனக்கு இதுல துளிகூடச் சம்மதமில்ல" என்றாள். சொல்லிவிட்டு, என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிற்றுப்போக்கு என்று அம்மாவிடம் பொய்யும் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து யூனிஃபார்மோடு வந்தாள். "பழையபடி பிடிச்சுக் குடுக்கா. திங்கக்கிழமை டூட்டி."

"யாரு கூட வந்தா?"

"எங்க பஸ் ஓட்டுற டிரைவரம்மா. ஃபாரத்துல என்ன உறவுன்னு கேட்டிருந்தாங்க. அக்கான்னு எழுதச் சொன்னேன்." மெஷின் சக்கரத்தையே பார்த்தாள். "பொண்ணு. துணியால மூடியிருந்தாங்க. பாதம் மட்டும் பாத்தேன்."

"புதன்கிழமைக்கு மேலதான் முடியும். நிறைய ஆர்டர் இருக்கு" என்றேன். ஓர் ஆர்டரும் இல்லை. அவள் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திக்கொண்டு பஸ் ஏறினாளாம்.

ஐந்தாம் மாதத்தில் செய்தது சரியா என்று கேட்டால் இன்றும் என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது தப்பு என்று நினைத்துக்கொண்டேதான் அவள் என்னோடு வந்தாள். அது தெரியும்.

அடுத்த வருஷம் அவளுக்கு மூளைக்காய்ச்சல். மூன்றே நாளில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் ஃபாரத்தை நீட்டினாள். கூட வந்தவர், உறவு என்று இரண்டு கட்டம். பக்கத்தில் டிரைவரம்மா நின்றிருந்தார். பேனாவை வாங்கி என் பேரை எழுதினேன், உறவுக் கட்டத்தைக் காலியாக விட்டு ஃபாரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எழுதுங்கம்மா" என்றார் அவர். "நீங்கதானே அக்கா."