நடுப்பக்கத்தில் தொடங்கிய புள்ளி நோட்டு

1

இந்தக் கதை ஓர் அன்பளிப்பிலிருந்து வந்தது. எனக்கு வந்ததை நான் வேறொருவர் தலையில் கட்டினேன். கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் அச்சிட்ட நோட்டு. செய்யவேண்டிய வேலைக்கு முன்னால் பெரிதாக ஒரு புள்ளி வைக்கவேண்டும். முடித்தால் அதன்மேல் பெருக்கல் குறி. முடியாவிட்டால் நாளைக்குத் தள்ளி ஓர் அம்புக்குறி. வாழ்க்கை ஒழுங்காகிவிடும் என்றார்கள். முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் அதைத் தொடவே இல்லை. எங்கள் சமையலறைக்குத் தரை போட வந்த டைல்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

2

தொடக்கம்: "அன்று காலை, ஈரச் சிமென்ட் வாசனையில், அவர் தன் வாழ்வைப் பற்றி..."

(வேண்டாம். சிமென்ட் வாசனையில் யாரும் வாழ்வைப் பற்றி யோசிப்பதில்லை. ஜன்னலைத் திறக்கிறார்கள்.)

மறுபடியும்: அவர் நோட்டை நடுவில் பிரித்து எழுதத் தொடங்கினார்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

"முன்னாடி இவ்வளவு பக்கம் சும்மா கிடக்கே?" என்றேன்.

"தரைன்னா நடுவுலதான சார் ஆரம்பிப்போம். அப்பதான் வெட்டுத் துண்டெல்லாம் சுவரோரமா ஒதுங்கும்."

"இது நோட்டுங்க."

"இதுக்கும் ஓரம் இருக்குல்ல?"

இதற்கு மேல் விவாதிக்க விருப்பமில்லாமல் டீ போடப் போனேன். அடுப்பு கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் இருந்தது.*

* இந்த அடுப்பை மறந்துவிடாதீர்கள். என் மனைவி மறக்கவில்லை.

3

குறை சொல்லாவிட்டால் பாத்திரம் பொம்மையாகிவிடும். ஊருக்கெல்லாம் தரை போடுகிற அவர், தன் வீட்டுக் குளியலறையைக் கொத்திப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தார். அடுத்த சில நாட்களில் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் 'நம்ம குளியலறை' என்ற வரி. அதற்கு முன்னால் ஓர் அம்பு. அடிக்கோல் வைத்துப் போட்ட, குற்றம் சொல்லமுடியாத அம்பு.

இதுவரை படித்த என் மனைவி கேட்டாள்: "அவர் வீட்டு அம்மா எங்க? அவங்களை ஒரு வார்த்தை பேசவிட்டா உங்க கதை தேஞ்சா போயிடும்?"

பேசவிடுகிறேன்.

4

கை முழுக்கக் கலவை. அதனால் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்தார். வீட்டிலிருந்து அவர் மனைவி.

"உங்க நோட்டை இங்கயே வச்சிட்டுப் போயிட்டீங்க. முதல் பக்கம் காலியாத்தானே இருந்துச்சு? நானும் ஒரு புள்ளி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"குளியலறைன்னு. இனிமே சோப்புப் பெட்டியத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டு வாசல்ல நான் நிக்கமாட்டேன். அவங்க நாய்கூட என்னைப் பாத்தா குரைக்கறத விட்டுடுச்சு. இன்னைக்குத் தரை போட்டு முடிச்சா பெருக்கல் போடுவேன்."

"இல்லேன்னா அம்புதானே? நாளைக்கு..."

"அம்புதான். எங்க அக்கா வீட்டுப் பக்கமா. பிள்ளைங்களோட."

அவர் சிரித்தார். மறுமுனையில் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது.

(இந்த இடத்தில் அவர் முகத்தை வர்ணிக்க ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஜிப் சத்தம் போதும்.)

5

முடிவுகள்:

(அ) வாளியோடு வீட்டுக்கு ஓடுகிறார். அந்த அம்மா பெருக்கல் போடுகிறார். எல்லாருக்கும் நல்ல முடிவு, சோபாவில் உட்கார்ந்து குழம்பு கிண்டுகிற ஒருத்தியைத் தவிர.

(ஆ) எங்கள் தரையை முடிக்கிறார். வீடு திரும்பினால் சோப்புப் பெட்டி மட்டும் இருக்கிறது.

(இ) என் சமையலறையை நானே...

(சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்கிறார்.

"சார், கலந்தாச்சு. கொஞ்ச நேரத்துல இறுகிடும். இங்க கொட்டவா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?"

கூடத்திலிருந்து குரல்: "என்னங்க, இந்த அடுப்பு இன்னைக்கு உள்ள போகுமா, போகாதா?"

அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். அந்த முதல் பக்கத்தைக் கீழே தந்திருக்கிறேன். குறியை நீங்கள் போடுங்கள். ஆற அமர யோசியுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாளியில் கலவைக் கரண்டி ஏற்கெனவே நட்டுக்கொண்டு நிற்கிறது.

• குளியலறை