தொலையாத மரபணு

1

இந்தக் கதை எனக்குப் பீளமேட்டு பேக்கரி ஒன்றில் கிடைத்தது. பக்கத்து மேசைப் பெண், டீயை ஆறவிட்டுவிட்டு, "அது தொலையலீங்க, நாமதான் பாக்கல" என்று போனில் யாரிடமோ சொன்னாள். எது என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

'கடல் அலைகள் கனிஷ்காவின் கால்களை—'

[அடித்துவிட்டேன். கோயம்புத்தூரில் எங்கே கடல்?]

2

கனிஷ்காவும் வம்சியும் ஒரே ஆய்வகத்தில் கடற்புழுக்களை ஆராய்கிறார்கள். கருவில் தலை எங்கே, வால் எங்கே என்று வகுக்கும் மரபணுக்கள் ஒரு குடும்பம்.* அதில் ஒன்றை இந்தப் புழு பரிணாமத்தின் போக்கில் தொலைத்துவிட்டது என்பதுதான் வம்சியின் டாக்டர் பட்ட ஆய்வு. வெள்ளிக்கிழமை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. முடிந்ததும் நார்வேயில் வேலை.

கடலில்லாத ஊரில் ஒரு சங்கடம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் பஸ் ஏறி வருபவை வளர்ந்த புழுக்கள்தான். குஞ்சுகள் வழியிலேயே செத்துப்போகும். ஆகவே குஞ்சை யாரும் சோதிக்கவில்லை; வளர்ந்த புழுவிலோ அந்த மரபணு வேலை செய்த தடயமே இல்லை. புழுவின் மரபணுத் தொகுப்பிலும் அது இருக்கவேண்டிய இடம் சரியாக வாசிக்கப்படாத ஓட்டை. போன மாதம் கனிஷ்கா நேரில் போய்க் குஞ்சுகளைப் பதப்படுத்திக் கொண்டுவந்தாள். இன்று முடிவு வந்தது. குஞ்சுக்குள் அந்த மரபணு ஜம்மென்று வேலை செய்துகொண்டிருக்கிறது.

*ஒரே மூதாதை மரபணு பிரதியாகிப் பிரதியாகிப் பெருகிய குடும்பம். இவ்வளவு தெரிந்தால் போதும், பயப்படாதீர்கள்.

3

சொல்லவேண்டியதுதானே? இங்கேதான் என் பேனா முரண்டு பிடிக்கிறது. சொன்னால் ஆய்வேட்டைத் திருத்த வேண்டும். வம்சியின் பயணம் தள்ளிப்போகும். அவன் போகக்கூடாதென்று அவள் ஏங்குகிறாள். அவனிடம் வாய் திறந்ததில்லை. உண்மையும் ஆசையும் ஒரே பக்கம் நிற்கும்போது, எதற்காகச் சொல்கிறோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. முதல் பிரதியில் அந்த முடிவை அவள் மறைப்பதாக எழுதினேன். பாவம், அழுதுகொண்டே இருந்தாள். கிழித்துப்போட்டேன்.

4

"ஏனுங்க வம்சி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "வெள்ளிக்கெழம வைவா. இப்பக் காட்டறீங்க. நான் போகக்கூடாதுங்கறீங்களா கனிஷ்கா?"

[இங்கே அவள் "சேச்சே" என்று மழுப்பும் பிரதி ஒன்று இருக்கிறது. எழுதியபின் எனக்கே அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை.]

"அதுவும் இருக்குதுங்க" என்றாள். "ஆனா மரபணு இருக்கறது நெசமுங்க. போறதுன்னாலும் திருத்திப்போட்டுப் போங்க."

5

நார்வேக்குப் போனானா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எனவே உங்களிடம் விடுகிறேன். விமானம் ஏற்றினாலும் சரி, இங்கேயே நிறுத்தினாலும் சரி. அவள் சொன்ன 'அதுவும் இருக்குதுங்க' என்பதை மட்டும் அவன் காதில் விழாததுபோல் எழுதிவிடாதீர்கள்.