ஆடு மிதித்த மனை

என் லாரி ஒருமுறை சேற்றில் புதைந்தது. அதற்காகக் கிருஷ்ணகிரி சந்தையில் ஒரு மாதம் என்னை வறுத்தெடுத்தார்கள். "என்ன ராமப்பா, லாரிய நாத்து நட்டுட்டு வந்தியா?" என்று கேட்காத வாய் இல்லை. அது என் குற்றமே இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆற்றில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் தேங்கினால் ஆற்றோரத்தில் ஒரு ஊர் மூழ்கிவிடும். அந்த ஊரின் முப்பது குடும்பங்களுக்கும் டவுனை ஒட்டிய பாழ் ஏரியில் மனை என்று முடிவானது. ஏரியைத் தூர்த்து, மேடாக்கி, தெரு பிரித்துப் புதுப்பேட்டை எழுப்ப வேண்டும்.

"பம்பாய்ல கடலையே தூர்த்து ஊரு கட்டிட்டாங்க. இந்தக் குட்டை எம்மாத்திரம்?" என்பார் ஓவர்சியர் நாராயணப்பன். நல்ல மனுஷர்தான், வாய் மட்டும் பம்பாய் வரைக்கும் போகும்.

மூன்று மாதம் மண் கொட்டினோம். மேலே ஓவர்சியர் ரோடு உருளையை ஓட்டவிட்டார். தரை மழமழவென்று பார்க்க அழகாக இருந்தது. சேலத்திலிருந்து பெரிய எஞ்சினியர் வந்து, கல் ஏற்றிய லாரி நடுவில் நின்று காட்ட வேண்டும் என்றார். ஓட்டினேன். பத்தடி போவதற்குள் அச்சு வரை உள்ளே இறங்கிவிட்டது. மேலே ஓடு, அடியில் எல்லாம் கஞ்சி.

"ஒரு மாசம் தரேன். அப்பவும் தாங்கலைன்னா இவங்களுக்கு அஞ்செட்டிப் பக்கம் இடம்" என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் ஜீப்பில் ஏறினார். அஞ்செட்டி காட்டு மலை. பஸ் கிடையாது. டவுனில் கூலிக்குப் போய்ப் பிழைக்கிற சனம் அங்கே எதைத் தின்னும்?

மறுநாள் அந்த ஊர்க் கெம்பம்மா வந்தாள். ஆடு மேய்க்கிறவள், என் வயதுதான் இருக்கும்.

"சாமி, ஏரிக்கரை போடறப்ப எங்காளுங்க ஒரு சாண் மண்ணு கொட்டுவாங்க, தண்ணி தெளிப்பாங்க, ஆட்ட ஓட்டி மிதிக்க உடுவாங்க. அப்பறந்தான் அடுத்த சாண். உங்க உருளை மேலாப்ல தடவிட்டுப் போவுது. ஆட்டுக் குளம்பு அடி வரைக்கும் குத்தும்."

ஓவர்சியர் சிரித்தார். நானும் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சிரிங்க சாமி. அஞ்செட்டிக்கு நீங்களா போவப்போறீங்க?" என்றாள்.

நாராயணப்பனின் சிரிப்பு அங்கேயே நின்றது. அன்று மாலையே கால்வாய் வெட்டிச் சேற்றுநீரை வடிக்கச் சொன்னார். மூன்று மாதம் கொட்டிய மண்ணை முழுக்க வாரி வெளியே போடச் சொன்னார். தன் தப்பைத் தானே தோண்டி எடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

சுற்றுப்பட்டிலிருந்து நானூறு ஆடுகள் வந்தன. முதல் நாள் ஒன்றுகூட இறங்கவில்லை. கெம்பம்மா கிடாய் ஒன்றைக் காதைப் பிடித்து இழுத்து இறக்கினாள். மீதி தானாகப் பின்னால் ஓடின. ஒரு சாண் மண், தண்ணீர், ஆடு. மறுபடி ஒரு சாண். முப்பது குடும்பமும் ராப்பகலாகக் கூடை தூக்கியது. லாரியை நிறுத்திவிட்டு நானும் தூக்கினேன். இருபத்தெட்டாம் நாள் தரை கரைக்கு மேலே வந்தது.

சொன்ன தேதிக்கு எஞ்சினியர் வந்தார். லாரி நிறையக் கருங்கல். சாமியை வேண்டிக்கொண்டு கியர் போட்டேன். பத்தடி தாண்டியது. ஐம்பதடி தாண்டியது. நட்டநடுவில் நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயர்த் தடம் அரை விரல்கூட இல்லை.

"நிக்குதுடா!" என்று கத்தினேன். கரையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். ஓவர்சியர் துண்டை மேலே வீசினார். எஞ்சினியர் காலால் ஓங்கி உதைத்துப் பார்த்துவிட்டு, "மனை இவங்களுக்குத்தான்" என்றார்.

கெம்பம்மா கத்தவில்லை. நேராக வந்து லாரியின் பின்பலகையைத் தட்டினாள்.

"ராமப்பண்ணா, கல்லத் திருப்பி எடுத்துக்கினு போவாத. இங்கியே கொட்டு. எங்கூட்டு அஸ்திவாரம் இங்கதான்."

அது சர்க்கார் கல். எஞ்சினியர் தலையாட்டட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பின்பலகையைக் கழற்றிவிட்டேன்.