பூ விழுந்தால் உண்மை

முதுகலைப் புள்ளியியல் வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயது மூத்தவள், கல்யாணமானவள். அக்கா எடுத்துக்கொண்ட ஆய்வுக் கேள்வி கொஞ்சம் விவகாரமானது: 'உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ பெரிய விஷயம் எதையாவது மறைக்கிறீர்களா?' நேரடியாகக் கேட்டால் எவர் வாயைத் திறப்பார்? அதற்குத்தான் நாணயம். பதில் சொல்பவர் யாருக்கும் காட்டாமல் சுண்டிப் பார்க்க வேண்டும். தலை விழுந்தால் மறுபேச்சில்லாமல் 'ஆமாம்'. பூ விழுந்தால் உண்மை. தனி ஆளின் ஆமாம் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நூறு பேரைக் கேட்டால், எத்தனை பேர் மறைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"ஒருத்தர்கிட்ட ஒரு தடவைதான் கேக்கணும்" என்று பேராசிரியை எச்சரித்திருந்தார். "திரும்பத் திரும்பக் கேட்டா அதுக்குப் பேரு ஆய்வு இல்ல, வேவு."

ஒத்திகைக்கு வீட்டில் அகப்பட்டவன் கணவன். பள்ளி வேன் ஓட்டுபவன். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு நாணயத்தைச் சுண்டினான். உள்ளங்கைக்குள் பார்த்துவிட்டு, "ஆமா" என்றான்.

ஒன்றும் மறைக்காதவனும் பாதி தடவை அப்படித்தான் சொல்வான். அது அவளுக்குத் தெரியும், வகுப்பில் பாடமெடுக்கும் அளவுக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. இப்போதெல்லாம் போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டுதானே பார்க்கிறான், எட்டிப் பார்த்தாலும் ஓர் எழுத்து தெரியாதபடி? போன வாரம் எங்கேயோ போய்விட்டு வந்தானே, சட்டையில் ஆஸ்பத்திரி வாடை வேறு. அப்படியென்றால் நர்ஸா?

மறுநாள், "கேள்விய லேசா மாத்தியிருக்கேன், இன்னொரு தடவ போடுங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். ஆமா. அதற்கடுத்த நாளும் ஆமா. தொடர்ந்து மூன்று தலை விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பாவி, படித்த படிப்பையெல்லாம் புருஷன் தலையிலேயே இறக்கிக்கொண்டிருந்தாள்.

நான்காவது ஆமாவில் ஆய்வும் போயிற்று, பொறுமையும் போயிற்று.

"யாருங்க அவ?"

"எவ?"

"நாலு தடவையும் தலையேவா விழும்?"

அவன் மூடிய கையை மேசைமேல் வைத்துத் திறந்தான்.

"என்ன விழுந்திருக்கு, நீயே சொல்லு."

"பூ."

"பூவா? எனக்குத் தெரியல. நாலு தடவையும் தெரியல." நாணயத்தைத் தடவிப் பார்த்தான். "எது விழுந்திருந்தாலும் என் பதில் ஆமாதானே. நேரா பாத்தா நடுவுல எல்லாம் மங்கிப் போகுது. டாக்டர் வண்டியத் தொடவே கூடாதுன்னுட்டார். உன் படிப்பு முடியற வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன்."

வேறு ஒருத்தி இல்லை. அவள் மனம் முதலில் துள்ளியது அதற்குத்தான், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அதற்கு அப்புறம்தான், காலையில் பையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் அவன் வேனுக்காக நிற்கப்போகும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அவள் கையை நீட்டினாள். "வேன் சாவியக் குடுங்க."