பின்னேரத்தில் விழும் இமை

பூநகரியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் விமலேஸ்வரிக்குக் காலையில் ஒரு குறையும் இருக்காது. பதினொரு மணிக்குப் பிறகுதான் இடது இமை இறங்கத் தொடங்கும். கடைசிப் பாடத்தில் கரும்பலகை இரண்டாகத் தெரியும். குரல் மூக்கால் வரும். பிள்ளைகள் சிரித்தார்கள். அதிபர் கூப்பிட்டு, "டீச்சர், இரவில நித்திரை கொள்ளுறேல்லையோ?" என்று கேட்டார்.

இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பலனில்லை. மாமியார் வடிவம்மா, "இது மனவருத்தம், விசரில, பைத்தியத்தில கொண்டுபோய் விடும்" என்று சொல்லிவிட்டார்.

கணவன் பிரதீபன் நண்டு வலை போடுபவன். ஒரு மத்தியானம் அவள் சோற்றை மெல்ல முடியாமல், தாடையைக் கையால் தாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டான். மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டொக்டர் நஸ்மியா வவுனியாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான். விமலேஸ்வரியை முகட்டைப் பார்த்தபடி இருக்கச் சொன்னார். நாற்பது வினாடியில் இமை பாதிக் கண்ணை மூடிவிட்டது.

"காலமையும் இப்பிடியோ?"

"இல்லை டொக்டர். எழும்பேக்க நல்லாத்தான் இருக்கும்."

நஸ்மியா பிரதீபன் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் ஐஸ் எடுக்கலாமோ?"

அவன் மீன் வாங்குமிடத்துக்கு ஓடிப்போய், மீன் மணக்கும் ஐஸை ஒரு பையில் கொண்டுவந்தான். நஸ்மியா அதைக் கையுறைக்குள் போட்டு, மூடிய இமையில் இரண்டு நிமிடம் வைத்தார். பிறகு எடுத்தார். இமை முழுதாக மேலே நின்றது. விமலேஸ்வரி போனில் தன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமை திரும்ப இறங்கியது.

"நரம்பு தசையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறேல்லை டீச்சர்," என்றார் நஸ்மியா. "நடுவில சின்ன இடைவெளி இருக்கு. மூளையின்ர செய்தி நரம்பு நுனிக்கு வந்ததும், அசற்றைல்கோலின் எண்ட பதார்த்தம் வெளியில வந்து, அந்த இடைவெளியைக் கடந்து தசையில இருக்கிற வாங்கிகளில ஒட்டும். அப்பதான் தசை இழுக்கும். உங்கட உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி அந்த வாங்கிகளை அடைக்குது."

"அப்ப ஐஸ்?"

"அந்தப் பதார்த்தத்தை உடைக்கிற நொதியம் குளிரில மெதுவாகும். பதார்த்தம் கொஞ்சம் கூட நேரம் நிண்டு வேலை செய்யும். இதுக்குத் தாற குளிசை மாத்திரையும் அந்த நொதியத்தைத்தான் தடுக்கும்."

"அப்ப எனக்கு விசர் இல்லை?"

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

பிரதீபன் நிலத்தைப் பார்த்தான்.

யாழ்ப்பாணத்தில் இரத்தம் சோதித்து, நெஞ்சைப் படம் எடுத்து, நஸ்மியா சொன்ன நோய்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை. முதல் வாரம் வயிறு முறுக்கியது. பிறகு பழகிவிட்டது. அதிபர் கணித பாடத்தைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார்.

குளிசை பிந்தினால் முதலில் போவது சிரிப்பு. உதடு மேலே எழும்பாது. ஒரு பின்னேரம் வடிவம்மா ஏதோ பகிடி சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கோவமோ?"

"இல்லை மாமி. சிரிக்கிறன். வெளியில தெரியேல்லை."

வடிவம்மா எழும்பிக் குசினிக்குப் போய், குளிசையும் ஒரு தம்ளர் தண்ணியும் கொண்டுவந்து நீட்டினார்.