வெடிக்காத சிகரெட்

மின்சிகரெட்டைச் சித்திரவதை செய்வதுதான் என் உத்தியோகம். ஷென்ஜென் நகரத்தின் ஷாஜிங் பகுதியில் தெருவுக்குத் தெரு அதைச் செய்கிற தொழிற்சாலைகள் இருக்கின்றன. நான் வேலை பார்க்கும் இடத்தில் புதிதாக எதைச் செய்தாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். உயரத்திலிருந்து போடுவேன், நசுக்குவேன், சூட்டுப் பெட்டிக்குள் வைத்து வேகவிடுவேன், அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுவேன். புகையாமல், வெடிக்காமல் உயிர் பிழைத்தால் கப்பலேறி வெளிநாடு போகும். பிழைக்காவிட்டால் அதை வடிவமைத்தவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், மனசு ஆற நிஜ சிகரெட் பிடிப்பார்கள். முதலாளியும் நிஜ சிகரெட் ஆள்தான். கேட்டால், "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா தின்னுக்கிட்டு இருப்பான்?" என்பார்.

லுவோ ஜியான் அந்த வடிவமைப்பாளர்களில் ஒருவன். என் கையில் அதிகப் பொருள்களைப் பறிகொடுத்தவன் அவன்தான். ஒவ்வொரு தடவையும் சண்டை போட வருவான். சண்டை முடிந்து சாப்பிடப் போவோம். அப்படியே கல்யாணம்வரை வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. அப்பாவின் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்க வேண்டும். அப்பா ஹூனானில் லாரி ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் புகைபோக்கியை மட்டும் நிறுத்தவில்லை. ஷாஜிங்கில் நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடி. நாலாவது மாடியில் ஒரு வீட்டு வாசலில் மைனாக் கூண்டு தொங்கும். அப்பா ஏறி வரும்போதெல்லாம் அங்கே நின்று அந்த மைனாவோடு பேசிக்கொண்டிருப்பார். பறவைப் பாசம் என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் மைனா இல்லை, வெறும் கூண்டு. அப்பா மூச்சு வாங்கியபடி அதனோடும் பேசிக்கொண்டிருந்தார். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு குளிர்காலம் இப்படியே பிடிச்சீங்கன்னா, அப்புறம் எங்க போனாலும் ஆக்சிஜன் சிலிண்டரையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும். விட்டா முழுசா விடுங்க. நடுவுல ஒண்ணே ஒண்ணுன்னு தொட்டவங்க யாரும் ஒண்ணோட நிறுத்தினதில்ல" என்றார்.

அப்பா நிகோடின் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தார், அரிப்பதாகச் சொன்னார். நிகோடின் சூயிங்கம் மென்றார். தாடை வலிக்கிறது என்று அதற்கு ஆறுதலாக ஒரு சிகரெட் பற்றவைத்தார். இனி மின்சிகரெட்தான் வழி என்று முடிவு செய்தேன்.

"அந்த வெடிகுண்டா? எனக்கா?" என்றார் அப்பா.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டில் நான் வேறென்ன பேசியிருக்கிறேன்? இன்று ஒன்று ஊதிப்போனது, இன்று ஒன்று கூரைவரை பறந்தது, இன்று ஒன்று மேஜையையே கருக்கியது என்று பெருமையாக அளந்திருக்கிறேன். பிழைத்து வந்த ஆயிரம் சாதனங்களைப் பற்றி யாராவது கதை சொல்வார்களா? மின்சிகரெட்டுக்கு எதிராக எங்கள் வீட்டில் நடந்த பிரச்சாரத்துக்குத் தலைமைப் பேச்சாளர் நானேதான்.

முதலில், தீர்ந்தால் தூக்கிப் போடுகிற வகையைக் கொடுத்தேன். சார்ஜ் ஏற்ற வேண்டாம், எதையும் ஊற்ற வேண்டாம், எடுத்து இழுத்தால் போதும். அப்பா அதை இரண்டு விரலால் தேள் மாதிரித் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள பேட்டரி இருக்கா?"

"இருக்குப்பா. மூடி சீல் வெச்சது."

"தீந்துபோச்சுன்னா?"

"குப்பையில மட்டும் போட்டுறாதீங்க. புகை தீந்தாலும் பேட்டரியில கொஞ்சம் உசிரு இருக்கும். குப்பை லாரியில நசுங்கிச்சுன்னா பத்திக்கும். திருப்பி வாங்கிக்கிற இடத்துல நான் குடுத்துடறேன்."

"பாத்தியா, செத்த பிறகும் பழி வாங்குது. என் சிகரெட்டு செத்துச்சுன்னா சாம்பல். ஊதினா போச்சு."

அதை ஊறுகாய் ஜாடியில் மணல் நிரப்பி அதற்குள் புதைத்து, ஜாடியை பால்கனியில் வைத்து, அதைக் காவல் காத்தபடி சிகரெட் பிடித்தார். அம்மா கீழே அரிசி நூடுல்ஸ் கடை நடத்துகிறாள். ஜாடி காணோமே என்று தேடி வந்தவள் இந்தக் காட்சியைப் பார்த்தாள். "உங்கப்பா ஒரு வழியா ஒண்ணை அடக்கம் பண்ணிட்டாரு. அடுத்தது யாருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு ஜாடி இல்லாமலே இறங்கிப் போனாள்.

இதைக் கேள்விப்பட்ட ஜியான் வருங்கால மாமனாரை மயக்க இதுதான் சமயம் என்று கிளம்பி வந்தான். அவன் வடிவமைத்த பெட்டி வகை சாதனம் ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளங்கை நிறைய இருக்கும். திரை, பொத்தான்கள், மேலே நிகோடின் திரவம் ஊற்றுகிற தொட்டி. கட்டை விரல் பருமனுக்குத் தனி பேட்டரிகள், கழற்றி மாட்டலாம். அப்பாவுக்கு லாரியில் வைத்திருந்த வாக்கிடாக்கி ஞாபகம் வந்துவிட்டது. அவர் கண்ணில் ஒளியைப் பார்த்தேன்.

"மாமா, இதுதான் ராஜா. சூட்டை நீங்களே கூட்டலாம், கொறைக்கலாம்" என்றான் ஜியான்.

"மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் அப்பா.

இருந்த சாதனங்களிலேயே அதிக அறிவு தேவைப்படுகிற ஒன்றைப் போய் அப்பாவிடம் கொடுத்திருந்தான். இரண்டாம் நாள் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஸ்கூட்டர் சாவி, சில்லறை, அவற்றோடு உறை கிழிந்த உதிரி பேட்டரி ஒன்று. அந்தச் சாவி பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டிருந்தால் போதும், நெஞ்சுக்கு மேலே நெருப்பு. உடனே ஜியானுக்குப் போன் போட்டேன்.

"பேட்டரிக்குப் பிளாஸ்டிக் டப்பா குடுத்தியா?"

"குடுக்க மறந்துட்டேன்."

"உறை கிழிஞ்சா தொடக்கூடாதுன்னு சொன்னியா?"

"மாமா லாரி ஓட்டினவராச்சே, பேட்டரியப் பத்தி அவருக்குத் தெரியாதான்னு..."

"எங்கப்பாவக் கொளுத்திட்டு யாருடைய பொண்ணைக் கட்டப்போற நீ?"

கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. ராஜாவைப் பறிமுதல் செய்தேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வருத்தத்தில் கூடுதலாகப் பிடித்தார்.

மூன்றாவதாக நானே தேர்ந்தெடுத்தேன். விரல் நீளச் சிறிய சாதனம். திரவம் மூடிய குப்பியில் வரும், தீர்ந்தால் குப்பியை மட்டும் மாற்றலாம். பேட்டரி சின்னது, சூடு ஏறினாலோ அதிக நேரம் இழுத்தாலோ தானாக நின்றுவிடும். இந்த ரகத்தைக் கொல்ல நான் படாத பாடு பட்டிருக்கிறேன். அப்பாவிடம் உண்மையையும் சொன்னேன். இது ஒன்றும் மருந்தில்லை, இதிலும் நிகோடின் உண்டு, பிடிக்காதவன் தொடக்கூடாது; எரிகிற புகையைவிடக் கேடு குறைவு, அவ்வளவுதான்.

"அப்ப எதுதான்டி நல்லது?"

"ஒண்ணையும் இழுக்காம இருக்கறதுதான்."

"இதைச் சொல்லத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?"

எங்கள் ஊரில் விற்கிற சாதனம் என்பதால் குழந்தைகள் எடுத்து இழுக்காமலிருக்கப் பூட்டு உண்டு. அடுத்தடுத்து மூன்று முறை சின்னதாக இழுத்தால்தான் திறக்கும். "என் நெஞ்சைக் கெடுத்துக்க நான் மூணு தடவை மனு குடுக்கணுமா?" என்றார். மாம்பழம், தர்ப்பூசணி வாசனையெல்லாம் நாங்கள் வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்வது. உள்ளூரில் புகையிலை வாசனை மட்டும்தான் விற்கலாம். அது புகையிலை மாதிரியே இல்லை என்பது அடுத்த புகார். முதல் நாள் சார்ஜ் போட்டபோது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து காவல் இருந்தார். பேட்டரித் தீ அணைத்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளும் என்று சொல்லித் தொலைத்தேன். பதற்றம் தாங்காமல், அது சார்ஜ் ஆகி முடிவதற்குள் இரண்டு சிகரெட்டை முடித்தார்.

நான் கைகழுவிவிடலாம் என்று இருந்தபோது கல்யாண இடம் முடிவானது. ஜியானின் ஊர் ஹூபெய் மலைப்பகுதி. மண்டபம் மேட்டில் இருந்தது, கல் படிகள் ஏறிப் போக வேண்டும். ஜியான் காட்டிய படத்தை அப்பா வெகுநேரம் பார்த்தார். மறுநாள் காலை சிகரெட் பெட்டியை அம்மாவிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னார்.

"வழியில மைனா இருக்காதுல்ல" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் அந்தச் சின்னச் சாதனம்தான். திட்டிக்கொண்டே மூன்று முறை இழுத்துத் திறந்து, திட்டிக்கொண்டே மூடுவார். இருமல் குறைந்தது. கல்யாணத்தன்று இரண்டே இடத்தில் நின்று அத்தனை படியையும் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாரே, அந்தப் பார்வைக்காக இன்னும் ஆயிரம் பேட்டரி நசுக்கலாம்.

உள்ளே போனால் மேஜைக்கு மேஜை சிவப்பு சிகரெட் பெட்டிகள். மணப்பெண் மேஜை மேஜையாகப் போய், ஆண்களுக்குச் சிகரெட் கொடுத்துத் தன் கையால் பற்றவைக்க வேண்டும், அதுதான் மரியாதை. அதற்கு லைட்டர் ஆகாது, தீக்குச்சிதான். கூட்டத்தில் குறும்புக்காரர்கள் சுடரை ஊதி ஊதி அணைத்துப் பெண்ணைச் சீண்டுவார்கள். ஓரிரு தடவை சீண்டிவிட்டுப் பற்றவைத்துக்கொள்வார்கள். அந்த வாரம் நாலு டிகிரி கூடுதலாகச் சூடானதற்காக ஒரு தொகுதியையே நிராகரித்த நான், பட்டு உடுத்திக்கொண்டு மண்டபம் பூராவுக்கும் புகை பரிமாறினேன்.

ஜியானின் அப்பா புகையிலை விவசாயி. நல்ல மனிதர், உரக்கப் பேசுவார். என் அப்பா மேஜைக்கு நாங்கள் வந்ததும் அவரும் எழுந்து வந்தார்.

"சம்பந்தி! இது என் நிலத்துல வெளஞ்ச இலையா இருந்தாலும் இருக்கும். என் பையன் என் பொழப்புலயே மண்ணைப் போடற மிஷின் செய்யறான், போகட்டும். உங்க பொண்ணு கையால இன்னைக்கு நீங்க ஒண்ணு பிடிக்கணும். மாட்டேன்னா, பொண்ணு குடுக்க மனசில்லேன்னு அர்த்தம்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஜியான் ஏதோ சொல்ல வாயெடுத்துக் குறுக்கே கை நீட்டினான். என் அப்பா அவன் கையைத் தட்டிவிட்டு, சிகரெட்டை வாங்கி உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. என் மாமனார் தீப்பெட்டியை நீட்டினார். வேறு வழியில்லாமல் குச்சியை உரசி, அப்பாவின் முகத்தருகே கொண்டுபோனேன்.

அப்பா ஊதி அணைத்தார்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பெண்ணைப் பெற்றவர் குறும்பு செய்து யாரும் பார்த்ததில்லை. பிறகு மண்டபம் அதிரச் சிரித்தது. இரண்டாவது குச்சி, ஊதினார். மூன்றாவது, ஊதினார். "விடாதீங்க சம்பந்தி!" என்று மாமனார் தொடையில் தட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அப்பா விளையாடவில்லை. தீப்பெட்டி தீரும்வரை ஊதப்போகிறார்.

அடுத்த குச்சிக்குச் சுடர் தாமதமாக அணைந்தது. அதற்கடுத்த குச்சிக்கு வெறுமனே சாய்ந்து நிமிர்ந்தது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்து உதடு நீலம் பாரித்திருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார், ஆனால் ஊத உள்ளே ஒன்றுமில்லை. நான் குனிந்து, சிகரெட்டுக்குக் கையால் காற்றை மறைப்பதுபோல முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவர் ஊதியபோது நானும் ஊதினேன். சுடர் அணைந்தது. அப்பாவின் கண் என் கண்ணைப் பார்த்தது. மிச்சமிருந்த குச்சிகளையெல்லாம் அப்படியே, அவர் உதட்டைக் குவிக்க, நான் ஊதி முடித்தேன்.

தீப்பெட்டி காலியானதும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்பா எரியாத சிகரெட்டோடு உட்கார்ந்து, மூச்சு வரும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தார். மாமனார் பூரித்துப்போய் அவர் தோளைத் தட்டி, மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னார்:

"என்னா நுரையீரல்யா இது! ஆயுசு பூரா நிஜ சிகரெட் பிடிச்ச ஒடம்புய்யா! டேய் ஜியான், உன் மிஷின் குடுக்குமாடா இந்தத் தெம்பை?"